குவாண்டம் பிஎச்.டி.: எந்த விளம்பரம் யாருக்கு, சேரும் முன் எதைக் கேட்பது

தேசிய குவாண்டம் இயக்கம், அமராவதி குவாண்டம் பள்ளத்தாக்கு, மின்சுற்றில் குவாண்டம் விளைவைக் காட்டிய மூவருக்கு 2025-இல் கிடைத்த இயற்பியல் நோபல் என்று அண்மைக் காலமாகக் குவாண்டம் செய்திகள் ஓயவில்லை. கூடவே ஐஐடிகளும் ஐசர்களும் (மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆய்வு நிறுவனங்கள்) தேசிய ஆய்வு நிறுவனங்களும் ஆய்வாளர் தேவை என்று அடுத்தடுத்து அறிவிப்பு வெளியிடுகின்றன. எம்.எஸ்சி. இயற்பியல் கடைசி ஆண்டில் இருப்பவருக்கும் பி.இ. மின்னணுவியல் முடித்தவருக்கும் இவற்றில் எது தனக்குரியது என்பது லேசில் பிடிபடுவதில்லை.

ஒன்றை முதலில் சொல்லிவிட வேண்டும். 'குவாண்டம்' என்ற பெயரில் தனியாக ஒரு முனைவர் பட்டம் பெரும்பாலான இடங்களில் கிடையாது. பட்டம் இயற்பியலிலோ மின் பொறியியலிலோ கணினி அறிவியலிலோ வேதியியலிலோ வரும். ஐந்து ஆண்டு அன்றாடம் என்ன வேலை செய்யப்போகிறோம் என்பது எந்த ஆய்வகம், அந்த ஆய்வகத்தில் எந்தக் கருவி, அது இப்போது ஓடுகிறதா என்பதைப் பொறுத்தது. நிறுவனத்தின் பெயர் இந்தக் கேள்விகளுக்கெல்லாம் பின்னால்தான் வர வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

## பணம் எங்கே போகிறது

மத்திய அமைச்சரவை 2023 ஏப்ரல் 19 அன்று தேசிய குவாண்டம் இயக்கத்துக்கு ஒப்புதல் அளித்தது. மதிப்பீடு 6,003.65 கோடி ரூபாய். காலம் 2023-24 முதல் 2030-31 வரை. எட்டு ஆண்டுக்குள் 50 முதல் 1,000 கியூபிட் (குவாண்டம் கணினியின் அடிப்படை அலகு) வரையிலான கணினி, 2,000 கிலோமீட்டர் தொலைவுக்குச் செயற்கைக்கோள் வழியாகவும் நகரங்களுக்கிடையே ஒளியிழை வழியாகவும் பாதுகாப்பான தகவல் தொடர்பு, நுட்பமான காந்தமானிகள், அணுக் கடிகாரங்கள் ஆகியவை அதன் இலக்குகளில் சில. 2024 செப்டம்பரில் நான்கு மையங்கள் அறிவிக்கப்பட்டன:

1. குவாண்டம் கணினி: பெங்களூரு ஐஐஎஸ்சி (இந்திய அறிவியல் கழகம்)
2. குவாண்டம் தகவல் தொடர்பு: சென்னை ஐஐடி, அரசின் தொலைத்தொடர்பு ஆய்வு நிறுவனமான புது டெல்லி சி-டாட்டுடன் சேர்ந்து
3. உணர்விகளும் அளவியலும்: மும்பை ஐஐடி
4. பொருள்களும் சாதனங்களும்: டெல்லி ஐஐடி

பணம் இந்த நான்கு வளாகங்களோடு நின்றுவிடுவதில்லை. ஒவ்வொரு மையத்தின் கீழும் பல நிறுவனங்களின் ஆய்வுக் குழுக்கள் இயங்குகின்றன. சென்னை மையத்தின் திட்டத்தில் வேலை செய்யும் மாணவர் வேறொரு ஊரில், வேறொரு நிறுவனத்தில் பதிவு செய்திருக்கலாம். இந்த இயக்கத்துக்கு முன்பே வேறொரு மத்தியத் திட்டத்தில் புணே ஐசரில் ஒரு குவாண்டம் தொழில்நுட்ப மையம் தொடங்கப்பட்டது. அதுவும் ஆய்வாளர்களுக்கு நிதி தருகிறது.

இயக்கத்துப் பணத்துக்கு ஒரு குணம் உண்டு. அதற்குக் கெடு உண்டு; கெடுவுக்குள் ஓடுகிற சாதனத்தைக் காட்ட வேண்டும். ஆய்வேடு கேட்பதோ வேறு: இதுவரை யாரும் அறியாத ஒரு முடிவு. சாதனத்தைக் கட்டி ஓடவைப்பதிலேயே மூன்று ஆண்டு கரைந்து, ஆய்வேட்டுக்குரிய கேள்வி எது என்பதே நான்காம் ஆண்டில்தான் தெளிவாகும் மாணவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. புதிதாகப் பணம் வந்து குவியும் துறையில் இந்த ஆபத்து கூடுதல்.

## எல்லா ஆய்வகத்துக்கும் பொதுவான ஒரே சிக்கல்

கியூபிட் என்பது இரண்டு நிலைகள் கொண்ட ஒரு குவாண்டம் அமைப்பு. அது 0, 1 இரண்டின் எந்தக் கலவையிலும் இருக்க முடியும், இதுவே மேற்பொருந்துதல். இரண்டு கியூபிட்களின் நிலையைத் தனித்தனியாக எழுத முடியாதபடி பிணைந்திருந்தால் அது பின்னல். சுற்றுப்புறத்தின் வெப்பம், அதிர்வு, தப்பி வரும் ஒளி எல்லாம் இந்த நிலையைக் கலைத்துவிடும். கலையாமல் நிற்கும் நேரத்துக்கு ஒத்திசைவுக் காலம் என்று பெயர்.

கியூபிட்டை வெளியுலகிலிருந்து துண்டித்து வைக்க வேண்டும். அதே கியூபிட்டை நாம் இயக்கவும் அளக்கவும் வேண்டும் என்றால் வெளியிலிருந்து ஏதோ ஒரு கம்பியோ ஒளிக்கற்றையோ அதைத் தொட்டாக வேண்டும். இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரி. கீழே வரும் ஒவ்வொரு துறையும் இந்தச் சண்டையில் ஒருவிதச் சமரசம். எந்தச் சமரசம் என்பதுதான் உங்கள் அன்றாட வேலையைத் தீர்மானிக்கும்.

## ஆய்வகத்துக்குள் என்ன வேலை

மீகடத்திக் கியூபிட். மீகடத்தி என்பது மிகுந்த குளிரில் மின்தடையே இல்லாமல் போகும் பொருள். அலுமினியப் பட்டைகளுக்கு நடுவே மெல்லிய ஆக்சைடு படலம் வைத்துச் செய்யும் ஜோசப்சன் சந்திதான் இதன் இதயம். அகலம் 100, 200 நானோமீட்டர் அளவில் இருக்கும். கியூபிட்டின் அதிர்வெண் சுமார் 5 கிகாஹெர்ட்ஸ். அந்த ஆற்றலை வெப்பநிலையாக மாற்றினால் 0.24 கெல்வின் வருகிறது. சுற்றுப்புற வெப்பம் அதைவிட மிகக் குறைவாக இருந்தால்தான் கியூபிட் தானாகக் கிளர்ந்தெழாமல் இருக்கும். அதனால்தான் ஹீலியம்-3, ஹீலியம்-4 கலவையில் ஓடும் டைலூஷன் ரெஃப்ரிஜரேட்டர் என்ற குளிர்கலத்தில் 10, 20 மில்லிகெல்வின் வரை குளிர்விக்கிறார்கள்.

ஒரு சுற்று வேலை இப்படிப் போகும்:

1. கணினியில் மின்காந்த உருவகிப்பு செய்து சிப்பின் வரைபடம் தயாரிப்பது.
2. தூய்மை அறையில் எலக்ட்ரான் கற்றையால் வடிவம் வரைந்து, அலுமினியத்தை இரண்டு கோணங்களில் படியவைப்பது. இரண்டுக்கும் நடுவே ஆக்சிஜனை அளவாக விட்டு ஆக்சைடு வளர்ப்பது.
3. அறை வெப்பநிலையில் சந்தியின் மின்தடையை அளப்பது. குளிர்வித்தபின் அதிர்வெண் என்னவாக இருக்கும் என்பதை இதிலிருந்தே கணித்துவிடலாம்.
4. சிப்பை வெட்டி, முடியினும் மெல்லிய கம்பிகளால் இணைத்து, குளிர்கலத்தில் பொருத்துவது. குளிர இரண்டு நாள் வரை ஆகும். திரும்பச் சூடாக்கவும் நேரம் வேண்டும்.
5. அளப்பது. ஒத்திசைவுக் காலம் பத்து மைக்ரோவிநாடியா நூறா என்பது இங்கேதான் தெரியும்.

எது கெடும்? கையிலிருந்து தாவும் நிலைமின்சாரமே சந்தியை எரித்துவிடும். ஆக்சைடு நாள்பட மாறுவதால் மின்தடை நகரும். அதிர்வெண் சில விழுக்காடு தவறினாலே பக்கத்துக் கியூபிட்டோடு மோதும். உள்ளே இறங்கும் நுண்ணலைக் கம்பிகளில் ஒவ்வொரு குளிர்நிலையிலும் போதிய அளவு அலை மெலிப்பான் வைக்காவிட்டால், மேலிருந்து வரும் வெப்ப இரைச்சல் கியூபிட்டைக் கலைத்துவிடும். மின்வெட்டில் கம்ப்ரசரும் அதன் குளிர்நீரும் நின்றால் கலம் சூடேறி, மொத்தச் சுற்றும் மறுபடி. ஒரு சுற்றுக்கு வாரக்கணக்கில் ஆகும் என்பதால், தூய்மை அறையில் உங்களுக்கு வாரம் எத்தனை மணி நேரம் கிடைக்கும் என்பது ஆய்வேட்டின் கனத்தையே தீர்மானிக்கிற எண்.

இந்தியாவில் இத்துறையின் பழைய முகவரி மும்பை டிஐஎஃப்ஆர் (டாடா அடிப்படை ஆய்வு நிறுவனம்). அங்கே பாதுகாப்புத் துறையின் ஆய்வு அமைப்பான டிஆர்டிஓ, டிசிஎஸ் நிறுவனம் ஆகியவற்றின் கூட்டில் 6 கியூபிட் செயலி சோதிக்கப்பட்ட செய்தி 2024 ஆகஸ்டில் வந்தது. ஐஐஎஸ்சியிலும் குழுக்கள் உண்டு. பி.இ. மின்னணுவியல் படித்தவர்களுக்கு இது நல்ல வாசல். நுண்ணலைச் சுற்று, எஃப்பிஜிஏ (தேவைக்கேற்ப மாற்றியமைக்கக் கூடிய சிப்) கட்டுப்பாட்டு மின்னணு, குறைந்த இரைச்சல் பெருக்கி ஆகியவை தெரிந்த மாணவர்களுக்கு இயற்பியல் துறைகளில் பற்றாக்குறையே நிலவுகிறது.

ஒளியும் தகவல் தொடர்பும். சென்னை மையத்தின் களம் இது. மறைகுறியீட்டுச் சாவியை ஒற்றை ஒளித்துகள்களில் அனுப்பினால், இடையில் ஒட்டுக்கேட்பவர் தடம் விடாமல் நகலெடுக்க முடியாது. 1984-இல் முன்வைக்கப்பட்ட பிபி84 நெறிமுறையின் சாரம் இதுவே.

சிக்கல் இழப்பில் இருக்கிறது. 1,550 நானோமீட்டர் ஒளிக்கு நல்ல இழையில் இழப்பு கிலோமீட்டருக்கு 0.2 டெசிபெல். 100 கிலோமீட்டரில் 20 டெசிபெல், அதாவது நூறில் ஒரு துகள் தப்பும். 200 கிலோமீட்டரில் பத்தாயிரத்தில் ஒன்று. 2,000 கிலோமீட்டரில் 400 டெசிபெல். விநாடிக்கு நூறு கோடி துகள் அனுப்பினாலும் பிரபஞ்சத்தின் வயதுக்குள் ஒன்றுகூட மறுமுனைக்குப் போகாது. சாதாரணப் பெருக்கியும் வைக்க முடியாது; ஒட்டுக்கேட்பவரைத் தடுக்கும் அதே நகலெடுக்க முடியாமைதான் பெருக்கியையும் தடுக்கிறது. அப்படியானால் 2,000 கிலோமீட்டர் இலக்கு எப்படி? மூன்று வழி: நடுவே நம்பகமான இடைநிலையங்கள் வைத்துச் சாவியை அங்கே திறந்து மறுபடி அனுப்புவது, செயற்கைக்கோள், அல்லது பின்னலைச் சேமித்துக் கைமாற்றும் குவாண்டம் நினைவகம். முதலாவது இன்றே பொறியியல். டெல்லி ஐஐடியும் டிஆர்டிஓவும் 2022 பிப்ரவரியில் பிரயாக்ராஜுக்கும் விந்தியாசலுக்கும் இடையே 100 கிலோமீட்டருக்கு மேல் வணிக ஒளியிழையிலேயே சாவி அனுப்பிக் காட்டின. மூன்றாவது, இன்னும் விடை தெரியாத இயற்பியல். ஆய்வேட்டுக்குக் கேள்வி தேடுபவர் இந்த வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். அகமதாபாத் பிஆர்எல் (இயற்பியல் ஆய்வுக்கூடம்), பெங்களூரு ராமன் ஆய்வுக் கழகம் ஆகிய இடங்களில் ஒற்றை ஒளித்துகள் ஆய்வு நெடுநாளாக நடக்கிறது.

அயனிகளும் குளிர் அணுக்களும். மின்புலத்தால் பிடித்துவைத்து லேசரால் குளிர்வித்த இட்டெர்பியம், கால்சியம் அயனிகள், அல்லது 780 நானோமீட்டர் லேசரில் குளிர்வித்த ருபிடியம் அணுக்கள். ஒத்திசைவுக் காலம் நீளம், கருவி கட்டுவதும் நீளம். அயனிக்கு மிக உயர்ந்த வெற்றிடம் வேண்டும். அதற்காக எஃகுக் கலத்தை நாள்கணக்கில் சூட்டில் வைத்து உள்ளே ஒட்டியிருக்கும் வாயுவை வெளியேற்றுவார்கள். மூட்டில் ஒரு சிறு கசிவு இருந்தால் பிரித்து, மாட்டி, மறுபடி சூடு. லேசரின் அலைநீளத்தை நாள் முழுக்க நிலைநிறுத்துவதே ஒரு தனி வேலை. அணுக் கடிகாரம், ஈர்ப்புமானி என்று உணர்விகள் பக்கமும் இந்தத் திறன் அப்படியே செல்லும்.

வைரத்தில் உள்ள நைட்ரஜன் குறை. வைரப் படிகத்தில் ஒரு நைட்ரஜன் அணுவும் பக்கத்தில் அணு இல்லாத ஒரு காலியிடமும் சேர்ந்தால் அறை வெப்பநிலையிலேயே வேலை செய்யும் கியூபிட் கிடைக்கிறது. பச்சை லேசர் அடித்தால் சிவப்பாக ஒளிரும். 2.87 கிகாஹெர்ட்ஸ் நுண்ணலையில் ஒளிர்வு குறையும். காந்தப்புலம் இருந்தால் அந்தக் குறைவு ஒரு மில்லிடெஸ்லாவுக்கு 28 மெகாஹெர்ட்ஸ் நகரும். அந்த நகர்வை அளந்தால் காந்தமானி தயார். குளிர்கலம் தேவையில்லை. புதிய ஆய்வகத்திலும் ஓராண்டில் முதல் தரவு எடுக்க வாய்ப்புள்ள துறை என்பதால் இதைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். மும்பை ஐஐடியில் இந்த ஆய்வு நடக்கிறது.

கோட்பாடு. கருவி கெடும் கவலை இல்லை; கேள்வி சிறியதாகிவிடும் கவலை உண்டு. கியூபிட்களில் நேரும் பிழையைக் கண்டு சரிசெய்யும் பிழைதிருத்தம் இப்போது சூடான களம். 105 கியூபிட் கொண்ட கூகுளின் வில்லோ சிப்பில் பிழைதிருத்தக் குறியீட்டின் அளவை ஒவ்வொரு படியாகக் கூட்டியபோது பிழை ஏறத்தாழ பாதிப் பாதியாகக் குறைந்தது என்ற முடிவு 2024 டிசம்பரில் வெளியானபின், காகிதத்தில் இருந்த பல கேள்விகள் அளந்து பார்க்கக் கூடியவை ஆகிவிட்டன. சென்னை கணித அறிவியல் கழகமும் பிரயாக்ராஜ் ஹரிஷ் சந்திரா ஆய்வுக் கழகமும் குவாண்டம் தகவல் கோட்பாட்டில் பேர் பெற்றவை. உதவிப் பேராசிரியர் பணிக்கான போட்டி கோட்பாட்டில்தான் மிகக் கடுமை என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

இந்தப் பட்டியலில் சேராத ஒன்றையும் குறிப்பிட வேண்டும். குவாண்டம் கணினியாலும் உடைக்க முடியாத மறைகுறியீடு குறித்த ஆய்வுக்கும் விளம்பரங்களில் குவாண்டம் என்ற பெயரே ஒட்டியிருக்கும். அமெரிக்காவின் நிஸ்ட் நிறுவனம் அதற்கான முதல் மூன்று தரநிலைகளை 2024 ஆகஸ்டில் வெளியிட்டது. அந்த ஆய்வு முழுக்கக் கணிதமும் கணினி அறிவியலும். இயற்பியல் படித்தவர் விண்ணப்பிக்கும் முன் எண் கோட்பாட்டிலும் லாட்டிஸ் (ஒழுங்காக அடுக்கிய புள்ளிக் கட்டம்) கணிதத்திலும் தனக்கு ஆர்வம் உண்டா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

## ஜேஆர்எஃப் விளம்பரமும் பிஎச்.டி. சேர்க்கையும் ஒன்றல்ல

அதிகம் பேர் ஏமாறும் இடம் இது. ஜேஆர்எஃப் என்பது இளநிலை ஆய்வாளருக்கான உதவித்தொகை. ஒரு பேராசிரியரின் ஆய்வுத் திட்டத்துக்கு 'ஜேஆர்எஃப், ஓர் இடம், முற்றிலும் தற்காலிகம்' என்று விளம்பரம் வரும். தேர்வானால் கிடைப்பது அந்தத் திட்டத்தில் ஒரு வேலை. அதனால் பிஎச்.டி. பதிவு தானாக வந்துவிடாது.

1. பதிவு. நிறுவனத்தின் வழக்கமான சேர்க்கையில் தனியாக விண்ணப்பித்து, எழுத்துத் தேர்வோ நேர்காணலோ முடித்து வர வேண்டும். திட்டப் பணியாளருக்கென்று சில நிறுவனங்கள் தனிப் பிரிவு வைத்திருக்கின்றன, சில வைத்திருப்பதில்லை. சேரும் முன் சேர்க்கை விதியில் அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

2. காலம். திட்டத்துக்கு மூன்று ஆண்டு நிதி, ஆய்வேட்டுக்கு ஐந்து ஆண்டு என்றால் கடைசி இரண்டு ஆண்டுக்கு யார் பணம் தருவார்கள்? நிறுவன உதவித்தொகைக்கு மாற்றுவார்களா என்று எழுத்தில் கேட்பதில் தவறேதும் இல்லை.

3. தவணை. திட்ட நிதி தவணையாக வரும். முந்தைய தவணையின் செலவுச் சான்றிதழ் போய்ச் சேர்ந்த பிறகே அடுத்தது. நிதியாண்டு மாறும் மாதங்களில் உதவித்தொகை தாமதமாவது சகஜம். இரண்டு, மூன்று மாதச் செலவுக்குக் கையிருப்பு வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

4. சொந்த உதவித்தொகை. சிஎஸ்ஐஆர்-யுஜிசி நெட் தேர்வில் ஜேஆர்எஃப் பெற்றவர் தன் பணத்தைத் தானே கொண்டுவருகிறார். இரண்டு ஆண்டு ஜேஆர்எஃப், பிறகு மதிப்பீட்டின் பேரில் எஸ்ஆர்எஃப் (முதுநிலை ஆய்வாளர் உதவித்தொகை), மொத்தம் ஐந்து ஆண்டு. திட்டம் முடிந்தாலும் இது நிற்காது. நெறியாளரைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரமும் இதனால் கூடுகிறது.

அதற்காகத் திட்ட ஜேஆர்எஃப் வேண்டாத வேலை என்று ஆகிவிடாது. ஆறு மாதம் ஓர் ஆய்வகத்தில் இருந்து பார்த்துவிட்டு, பிடித்திருந்தால் அங்கேயே பிஎச்.டி.க்கு முயல்வது நல்ல உத்தி. பதிவு எப்போது என்ற பேச்சே எடுக்காமல் இரண்டு ஆண்டு ஓட்டிவிடுவதுதான் தவறு.

## நுழைவுத் தேர்வுகள்

- சிஎஸ்ஐஆர் நெட், இயற்பியல்: ஆண்டுக்கு இருமுறை. ஏறக்குறைய எல்லா நிறுவனமும் ஏற்கும். 2024 முதல் ஜேஆர்எஃப் கிட்டாதவர்களும் பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டும் தகுதி பெறும் வகையில் தனிப் பிரிவு வந்திருக்கிறது. அதில் தேர்வானவருக்குச் சேர்க்கையில் நெட் மதிப்பெண்ணுக்கு 70 விழுக்காடு, நேர்காணலுக்கு 30.
- கேட்: பிப்ரவரியில். மதிப்பெண் மூன்று ஆண்டு செல்லும். பொறியியல் துறைகள் வழியாக வருபவர்களுக்கு இதுவே பிரதானம்.
- ஜெஸ்ட்: கணித அறிவியல் கழகம், ராமன் ஆய்வுக் கழகம், ஹரிஷ் சந்திரா போன்ற நிறுவனங்கள் கூட்டாகப் பயன்படுத்துவது.
- டிஐஎஃப்ஆர் நுழைவுத் தேர்வு: தனி, வழக்கமாக டிசம்பரில்.

யுஜிசியின் 2022 விதிப்படி, நான்கு ஆண்டு இளநிலைப் பட்டத்தில் 75 விழுக்காடு பெற்றவர் முதுநிலை இல்லாமலே விண்ணப்பிக்கலாம். பட்டத்துக்குக் குறைந்தது மூன்று ஆண்டு, பொதுவாக ஆறு ஆண்டு உச்சவரம்பு. ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் தங்கள் சொந்த விதியில் நடப்பவை என்பதால் அவற்றின் அறிவிப்பையே நம்ப வேண்டும். மூன்று ஆண்டு பி.எஸ்சி. முடித்தவருக்கு ஐஐஎஸ்சியின் ஒருங்கிணைந்த பிஎச்.டி. ஒரு நல்ல வழி. முதுநிலைச் சேர்க்கைக்கான ஜாம் தேர்வு வழியாக அதற்கு விண்ணப்பிக்கலாம்.

நேர்காணலில் 'குவாண்டம் கணினியின் எதிர்காலம்' பற்றி யாரும் கேட்கப்போவதில்லை. இரு நிலை அமைப்பு, ஸ்பின் அரை, பாலி அணிகள், ஒத்திசை அலைவி, உலைவுக் கோட்பாடு (பெர்ட்டர்பேஷன்), அடர்த்தி அணி ஆகியவற்றைக் கரும்பலகையில் போடச் சொல்வார்கள். சோதனை ஆய்வகம் என்றால் இரைச்சல், லாக்-இன் பெருக்கி, 50 ஓம் பொருத்தம் பற்றிக் கேள்வி வரும். இணையவழி கிஸ்கிட் (ஐபிஎம்மின் குவாண்டம் நிரலாக்கக் கருவி) சான்றிதழ்கள் ஆர்வத்தைக் காட்டும், அவ்வளவே, எம்.எஸ்சி. திட்டப்பணியில் ஒரு வரைபடத்தின் பிழைக்கோடு எப்படி வந்தது என்று விளக்கத் தெரிந்தவருக்கு அதைவிட மதிப்பு.

## உதவித்தொகை

2023 ஜனவரி 1 முதல் ஜேஆர்எஃப் மாதம் 37,000 ரூபாய், எஸ்ஆர்எஃப் 42,000. நகரத்தைப் பொறுத்து வீட்டு வாடகைப் படி தனி. நிறுவன விடுதியில் தங்கினால் பொதுவாக அது கிடைக்காது. பிரதமர் ஆய்வு உதவித்தொகை முதல் இரண்டு ஆண்டு 70,000, மூன்றாம் ஆண்டு 75,000, அடுத்த இரண்டு ஆண்டு 80,000 என்ற அளவில் தொடங்கப்பட்டது. இதன் கீழ் ஐந்து ஆண்டில் 10,000 இடங்கள் என்று 2025 மத்திய பட்ஜெட்டில் அறிவிப்பு வந்தது. தொகை இரட்டிப்பாக இருப்பது உண்மை. அதற்காகப் பொருந்தாத ஆய்வகத்தில் சேர்வது ஐந்து ஆண்டுக் கணக்கில் நஷ்டமே.

## நெறியாளரிடம் கேட்க வேண்டியவை

நேர்காணலுக்கு முன்போ பின்போ ஒரு மின்னஞ்சலிலும் அரை மணிப் பேச்சிலும் இவற்றைத் தெரிந்துகொள்ள முடியும்.

1. முக்கியக் கருவி வந்துவிட்டதா, ஆர்டர் போட்டாயிற்றா, டெண்டரில் இருக்கிறதா? மூன்றுக்கும் நடுவே ஆண்டுக்கணக்கில் இடைவெளி. 200 கோடி ரூபாய்க்கு உட்பட்ட கொள்முதலுக்கு உலகளாவிய டெண்டர் விடுவதற்கு 2020 முதல் இருந்த கட்டுப்பாடு ஆய்வுக் கருவிகளைக் கடுமையாகத் தாமதப்படுத்தியது. நிறுவனத் தலைவர்களே அனுமதி தரலாம் என்று 2025 ஜூனில் தளர்த்தினார்கள். இன்னொரு பக்கம், 2024 செப்டம்பரில் அமெரிக்கா குவாண்டம் கணினிகளையும் அவற்றுக்கான குளிர்விப்புக் கருவிகள் சிலவற்றையும் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. ஆர்டர் போட்டாயிற்று என்ற பதிலோடு திருப்தி அடையாமல், வந்து சேரும் மாதம் எது, வைக்கும் அறை தயாரா, குளிர்நீரும் தடையற்ற மின்சாரமும் இழுத்தாயிற்றா என்று கேளுங்கள்.

2. கருவி வரும்வரை நான் என்ன செய்வேன்? நல்ல நெறியாளரிடம் இதற்கு ஆயத்தமான விடை இருக்கும்: கூட்டாளி ஆய்வகத்தில் அளவீடு, உருவகிப்பு, கட்டுப்பாட்டு மின்னணு. 'வந்ததும் பார்க்கலாம்' என்பது ஆபத்தான பதில்.

3. இதுவரை முடித்தவர்கள் எத்தனை ஆண்டில் முடித்தார்கள், இப்போது எங்கே? புதிய ஆய்வகம் என்றால் முடித்தவர்கள் இருக்க மாட்டார்கள். அதனாலேயே ஒதுக்க வேண்டாம். இளம் நெறியாளர் தினமும் ஆய்வகத்தில் இருப்பார். உங்களோடு சேர்ந்து ஆணி முடுக்குவார். ஈடாக, நீங்கள் வெற்றுத் தரையிலிருந்து கட்ட வேண்டியிருக்கும். இரண்டாம், மூன்றாம் தலைமுறை மாணவராகச் சேர்வது பொதுவாகப் பாதுகாப்பானது. கருவியும் இருக்கும், அதன் கோளாறுகளை அறிந்த மூத்தவரும் இருப்பார்.

4. ஒரே நேரத்தில் எத்தனை மாணவர், ஒரு குளிர்கலத்தை எத்தனை பேர் பகிர்கிறார்கள்? யுஜிசி விதிப்படி பேராசிரியர் எட்டுப் பேரையும் இணைப் பேராசிரியர் ஆறு பேரையும் உதவிப் பேராசிரியர் நான்கு பேரையும் வழிநடத்தலாம். ஒரே கலத்துக்கு ஆறு பேர் வரிசையில் நின்றால் உங்கள் முறை எப்போது வரும் என்று கணக்குப் போடலாம்.

5. ஓய்வுக்கு எத்தனை ஆண்டு? மூன்று ஆண்டுக்குள் ஓய்வு பெறுபவர் புதிய மாணவரை எடுக்கக் கூடாது என்பது யுஜிசி விதி. நான்கு ஆண்டு இருப்பவரிடம் சேரலாம். இணை நெறியாளர் ஒருவரை முதல் ஆண்டிலேயே அமர்த்திக்கொள்ள வேண்டும்.

6. வெளியிடத் தடை உண்டா? பாதுகாப்புத் துறை நிதியில் நடக்கும் சில பணிகளை வெளியிட முன்அனுமதி வேண்டும். ஆய்வேட்டின் எந்த அத்தியாயம் இதில் சிக்கும் என்பதைத் தொடக்கத்திலேயே தெரிந்துகொள்வது நலம்.

இவற்றை நெறியாளரிடம் மட்டும் கேட்டால் போதாது. அதே ஆய்வகத்தின் மூன்றாம் ஆண்டு மாணவரிடம் தனியாகக் கேட்டால் கிடைக்கும் விடைதான் பெரும்பாலும் உண்மைக்கு நெருக்கமாக இருக்கும். மின்னஞ்சல் எழுதும்போது அவருடைய அண்மைக் கட்டுரை ஒன்றைப் படித்து, அதிலிருந்து ஒரு குறிப்பான கேள்வியோடு பத்து வரிக்குள் எழுதுங்கள். நாற்பது பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பினால் அது முதல் வரியிலேயே தெரிந்துவிடும்.

## வெளிநாட்டில்

ஜெர்மனியில் பிஎச்.டி. மாணவர் ஊழியர். ஊதியம் அரசு ஊதிய அட்டவணையின் இ13 நிலையில், இயற்பியலில் பெரும்பாலும் அதன் பாதி முதல் முக்கால் பங்கு. முதுநிலைப் பட்டம் அவசியம். விண்ணப்பம் நேராகப் பேராசிரியருக்கோ மாக்ஸ் பிளாங்க் ஆய்வுப் பள்ளிகளுக்கோ போகும். நெதர்லாந்திலும் ஊழியர்தான், நான்கு ஆண்டு ஒப்பந்தம். டெல்ஃப்டின் கியூடெக் ஆய்வு மையம் அங்கே முதன்மை. அயனி, ஒளி இரண்டுக்கும் ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக், வியன்னா. சிங்கப்பூரில் 2007-இல் தொடங்கிய குவாண்டம் தொழில்நுட்ப மையம் நேரடியாக உதவித்தொகை தருகிறது, கனடாவில் வாட்டர்லூ பல்கலைக்கழகம்.

அமெரிக்காவில் டிசம்பர் கெடு, முதல் ஓரிரு ஆண்டு பாடங்களும் தகுதித் தேர்வும், பிறகே ஆய்வகம். ஐந்து முதல் ஆறு ஆண்டு ஆகும். பிரிட்டனில் இரண்டு தடங்கல்: அரசு ஆய்வு நிதியில் வெளிநாட்டவர் பங்குக்கு 30 விழுக்காடு உச்சவரம்பு, இந்தியர்களுக்கு இயற்பியல் ஆய்வுக்கு ஏட்டாஸ் என்ற பாதுகாப்பு அனுமதி. அனுமதிக்கு வாரக்கணக்கில் ஆகலாம் என்பதால் விசாவுக்கு முன்பே அதைத் தொடங்க வேண்டும்.

## முடித்தபின்

வேலைவாய்ப்பு என்றதும் ஐபிஎம், கூகுள் நினைவுக்கு வரும். இந்தியாவில் உடனடித் தேவை எங்கே என்பதற்கு வேறொரு தடயம் இருக்கிறது. தேசிய இயக்கம் 2024 நவம்பரில் முதலாவதாக எட்டு ஸ்டார்ட்அப்களைத் தேர்ந்தெடுத்தது. அவற்றில் கணினி செய்வது பெங்களூரு கியூபிஐஏஐ. சாவி அனுப்பும் கருவி செய்வது சென்னை ஐஐடியில் முளைத்த கியூநு லேப்ஸ். மற்றவை பெரும்பாலும் உதிரிபாகக்காரர்கள்: குளிர்நிலைக் கம்பி, டையோடு லேசர், ஒற்றை ஒளித்துகள் உணர்வி, உணர்விக்கான வைரம், அணுக் கடிகாரம். இவர்களுக்கு வேண்டியது, குளிர்கலம் ஏன் குளிரவில்லை என்று கண்டுபிடிக்கத் தெரிந்தவர். லேசரை நாள் முழுக்கப் பூட்டிவைக்கத் தெரிந்தவர். ஒளியிழை முனையில் அரை டெசிபெல் எங்கே போனது என்று தேடத் தெரிந்தவர்.

கல்விப்புல வேலைக்கு இரண்டு முதல் நான்கு ஆண்டு முதுமுனைவர் அனுபவம், பெரும்பாலும் வெளிநாட்டில், இன்றும் எழுதப்படாத நிபந்தனை. ஆய்வேடு கொடுப்பதற்கு ஓராண்டு முன்பே அந்த விண்ணப்பங்கள் தொடங்க வேண்டும்; கோட்பாட்டுத் துறையில் அவற்றின் கெடு இலையுதிர் மாதங்களில், அக்டோபர் முதல் டிசம்பருக்குள், வரிசையாக வந்துவிடும்.